அரியலூர்ப் பாறையும் சோலைக்கிளியும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் செல்லும் நம்மில் பலர் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கண்டு திரும்பிவிடுகிறோம். அப்பகுதி ஓடைகளில் கல்லாய்க் கிடக்கும் கடற்சிப்பிகளை நின்று பார்ப்போர் சிலரே. அச்சிப்பிகளின் வரலாறு நம்மைப் பழனி மலையில் வாழும் ஒரு சிறு பறவையிடம் கொண்டு சேர்க்கிறது.

ஹென்றி பிளான்ஃபோர்டு, வில்லியம் பிளான்ஃபோர்டு என்னும் சகோதரர்கள் 1855-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இணைந்தனர். அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கிரெட்டேசியஸ் காலக் கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக ஹென்றி வகுத்தார். அவரது அறிக்கை 1862-இல் வெளிவந்தது.

தம்பி பாறையைப் பிரித்தறிந்தார். அண்ணன் வில்லியம் பறவையைப் பிரித்தறிந்தார். நீலகிரியின் சோலைக்கிளியை மருத்துவர் ஜெர்டன் 1840-களிலேயே விவரித்திருந்தார். 1860-களின் பிற்பகுதியில், பாதிரியார் ஃபேர்பேங்க் பழனி மலையில் சேகரித்த பறவையைத் தனி இனமாகக் கொண்டு, 'வெண்வயிற்றது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை வில்லியம் சூட்டினார்.

இரண்டையும் எவ்வாறு அறிவது? இரண்டுமே நீண்ட கால்களுடன் சோலையின் இருண்ட தரையில் இரை தேடுபவை. விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கை ஒலியைக் கேட்டபின், அசையாமல் காத்திருக்க வேண்டும். நீலகிரிப் பறவையின் வயிற்றோரம் செம்பழுப்பு. பழனிப் பறவைக்கு அந்நிறம் இல்லை. நீலச்சாம்பல் விலாவும் வெண்வயிறும் உண்டு. இரண்டுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது.

ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவை ஒரே இனத்தின் இரு வகைகளாகவே எண்ணப்பட்டன. மரபணு ஆய்வுக்குப்பின் 2017-இல் வி.வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் இவற்றுக்கு 'ஷோலிகோலா' என்னும் புதிய பேரினம் அமைத்தனர். 'சோலையில் வாழ்வது' என்பது பொருள். நம் சொல் இலத்தீனோடு கலந்துவிட்டது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வதை மூன்றாம் இனமாகவும் அவர்கள் முன்வைத்தனர். 'கிளி' என்றதும் நாம் பச்சைக்கிளியைத் தேட வேண்டா. மலையாளத்தில் அச்சொல் பறவைக்கே பொது.

இப்பிரிவினை வெறும் பெயர் விளையாட்டன்று. தேயிலையும் சீகை மரமும் சோலைகளைச் சுருக்கிவிட்டன. ஒரு மலைத்தொகுதியில் இப்பறவை அழிந்தால், கணவாய்க்கு அப்பாலுள்ள பறவை அதற்கு ஈடாகாது. அரியலூரிலும் அந்தப் பழங்கடலின் சுண்ணாம்புப் பாறை சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. பிளான்ஃபோர்டு சகோதரர் பிரித்துக் காட்டிய இரண்டையும் நாம் காணாமலே இழந்துவிடலாகாது.