சோழியும் கோலமும் கணிப்பொறியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கடந்து மலையேறுவோர் கல்வராயன் மலைமீதுள்ள கரியாலூரை அடைவர். கோடை விடுமுறையில் படகேறவும் பூங்காவில் உலவவும் அங்கு வருவோர் பலர். நான் சென்றது அதன்பொருட்டன்று. என்னிடம் பயின்று இன்று ஆசிரியராய் விளங்கும் இளைஞர் ஒருவர், கரியாலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்குக் கற்பித்து வருகின்றார். அவர் என்னை அழைத்து, "ஐயா, ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள்ளாகவே பிள்ளைகளுக்குக் கணிப்பொறி அறிவு வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் காற்றடித்தால் மின்சாரம் போய்விடுகிறது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்க மேடேற வேண்டியிருக்கிறது. நான் எதிலிருந்து தொடங்குவது?" என்று வினவினார்.

வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன் நான். ஆதலின், "தம்பி, பழங்கதை சிலவற்றைச் சொல்லித்தான் இதற்கு விடைகூற இயலும்" என்றேன். அவருக்குக் கூறியவற்றையே இன்று மாணவ நேயர்களாகிய உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

கணிப்பொறி புதியது; கணித்தல் பழையது. ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்னும் சொல் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஓர் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. அட்டவணைகளை வைத்துக்கொண்டு நாள் முழுதும் கணக்கிடும் மனிதரையே குறித்தது. அத்தகைய மனிதர் ஒருவர் 1825ஆம் ஆண்டில் நம் புதுச்சேரியில் இருந்தார். ஜான் வாரன் என்னும் அறிஞர் இந்தியக் காலக் கணிதம் பற்றிக் 'கால சங்கலிதம்' என்ற பெருநூலை அவ்வாண்டில் சென்னையில் வெளியிட்டவர். அவர்முன் அத்தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் அமர்ந்து சோழிகளைப் பரப்பினார். ஏட்டைப் பாராமல், மனப்பாடமாயிருந்த வாக்கியங்களின் அசைகளிலிருந்தே எண்களை எடுத்தார். சோழிகளைச் சேர்த்தும் நீக்கியும், அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்குப் பிழைத்தது 4 நிமிடமே. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கியின்றி, எழுதுகோலுமின்றிச் செய்த கணக்கு அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆயினும் வாரன் மற்றொன்றையும் குறித்து வைத்தார். அக்கணிதருக்குத் தாம் செய்யும் கணக்கின் அடிப்படைக் கொள்கை எதுவும் தெரியாது. எந்தச் சோழிக்குப்பின் எந்தச் சோழி என்பதை அறிவார்; ஏன் என்பதை அறியார். இன்றைய கணிப்பொறி செய்வதும் இதுவேயன்றோ? அது இட்ட கட்டளையை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றும். ஏன் என்று கேளாது. அக்கணிதரை நான் இகழ்ந்துரைக்கவில்லை. அத்தகைய நினைவாற்றல் நம்மில் எவருக்கும் இன்றில்லை. ஆனால், அந்த வாக்கியங்களை முதன்முதல் யாத்தவர் ஒருவர் இருந்திருப்பாரே, அவர் வேறு வகை மனிதர். கட்டளையை நிறைவேற்றுவோர் ஒருபுறம், கட்டளையை அமைப்போர் மறுபுறம். நம் பிள்ளைகளை எப்புறத்தில் நிறுத்தப் போகின்றோம் என்பதே கணிப்பொறிக் கல்வியின் வினா என்று நான் கருதுகின்றேன்.

'இம்மி' என்று சொன்னேன். அது வெறும் பேச்சுவழக்கன்று, ஓர் எண். நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற சிறுவர் இருபதில் ஒன்றை மா என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் ஓதினர். முந்திரியை மேலும் 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. அதனையும் 21 ஆகப் பகுத்தால் இம்மி. அஃதாவது 21,50,400இல் ஒரு பங்கு! நெல்லளக்கவும் நிலமளக்கவும் பொன் நிறுக்கவும் பயன்படும் கணக்கைப் பத்து வயதுச் சிறுவன் விரல்விட்டுச் சொன்னான். எழுத்துப் பயிற்சியோ மணலில் நடந்தது. முன்னே கற்ற சட்டாம்பிள்ளை பின்னே வந்தவர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், இப்படிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். தாயகம் திரும்பி 1797இல் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அம்முறை 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. மணலும் சக மாணவனும் போதும், பள்ளி நடக்கும் என்பதை உலகுக்குக் கூறியது நம் திண்ணை. அத்திண்ணையிலேயே பிரம்படியும் பொருளறியாத ஓதலும் மலிந்திருந்தன என்பதையும் மறைத்தற்கில்லை. பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுபவன் அல்லேன்.

இனி இயந்திரம் பள்ளிக்குள் வந்த கதைக்கு வருவோம். 1984–85இல் நடுவணரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ், இங்கிலாந்தில் உருவான பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை முதலில் சுமார் 250 பள்ளிகட்கு வழங்கியது. உயர் வகுப்புகளுக்கான திட்டம் அது. பின்னர்ப் பல திட்டங்கள் வந்தன. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கணிப்பொறி அறை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். இயந்திரங்கள் மீது பூப்போட்ட துணியுறை கிடக்கும். வாரம் ஒருமுறை பிள்ளைகள் உள்ளே சென்று, திரை, விசைப்பலகை, சுட்டி என்று பாகங்களின் படத்தைக் குறிப்பேட்டில் வரைந்து, பெயரெழுதித் திரும்புவர். துணி நீக்கப்படுவது ஆய்வாளர் வரும் நாளில்தான். படம் வரையச் சொன்னவர்களுள் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். நீச்சல் கற்பிக்கக் குளத்தின் படத்தை வரையச் சொன்னது போன்ற செயல் அது.

நம்மிடத்தில் மட்டுமே இக்குறை இருந்தது என்றெண்ண வேண்டா. இங்கிலாந்திலும் பல்லாண்டுகள் பள்ளிகளில் கடிதம் தட்டெழுதுவதும் அட்டவணை நிரப்புவதுமே கணிப்பொறிப் பாடமாயிருந்தன. அரச அறிவியற் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை இதனைக் கடிந்துரைத்தது. 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுக் குழந்தையும் கட்டளை நிரல் அமைக்கக் கற்கும்படி அந்நாட்டுப் பாடத்திட்டம் மாற்றப்பட்டது.

ஐந்து வயதில் இஃது இயலுமோ என்பீர்கள். இயலும் என்று 1967இலேயே காட்டத் தொடங்கியவர் சீமோர் பேப்பர்ட். குழந்தை உளநூலறிஞர் பியாஜேயிடம் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர் அவர். அமெரிக்காவில் ஃபாயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் கூடிச் சிறுவர்க்கென்றே 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினார். அதில் ஓர் 'ஆமை' உண்டு. இவ்வளவு முன்னே செல், இவ்வளவு திரும்பு என்று குழந்தை கட்டளையிட, ஆமை சென்ற வழியெல்லாம் கோடு விழும். கோடு பிழையானால் குழந்தைக்கு மதிப்பெண் குறைவதில்லை. கட்டளையைத் திருத்தி மறுபடி ஏவினால் போதும். பிழையைக் குற்றமென்று கருதாமல், ஆராயத்தக்க பொருளென்று கருதும் மனப்பான்மையை இது வளர்க்கும் என்றார் பேப்பர்ட். 2007இல் வெளிவந்த 'ஸ்கிராட்ச்' என்னும் மொழியும் இவ்வழித் தோன்றலே. அதில் கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கிக் கதையும் படமும் இசையும் பிள்ளைகளே படைக்கின்றனர்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் என் தாயார் மார்கழி விடியலில் வாசலில் இட்ட கோலமே என் நினைவுக்கு வரும். புள்ளியை வை, வளைந்து செல், சுற்றித் திரும்பு, தொடங்கிய இடத்திலேயே முடி. சிறு கோலத்தின் விதியைக் கொண்டே பெருங்கோலம் விரியும். இதில் ஒளிந்திருக்கும் கணிதத்தைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி கண்டார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கோலங்களை ஒருவகை இலக்கணமாக விளக்கிக் கட்டுரை எழுதினர். வாக்கியம் இலக்கண விதியால் விளைவது போலக் கோலமும் விதியால் விளையும் என்பது அதன் கருத்து. கணிப்பொறியியலில் அஃது இன்றும் எடுத்தாளப்படுகின்றது. எழுத்தறியாத நம் பாட்டிமார் நிரலமைத்து வந்தனர் என்று நான் சொன்னால், அதை மிகையென்று தள்ளிவிடாதீர்கள்.

கருவியைக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்போரும் உளர். 1999 ஜனவரி 26ஆம் நாள் சுகதா மித்ரா என்பார் தில்லி கால்காஜியில் ஒரு சுவரைத் துளைத்து, அதில் ஒரு கணிப்பொறியைப் பதித்து, சேரிப் பிள்ளைகள் கையாளுமாறு விட்டார், அவர்களும் கற்றுக்கொண்டனர். பின்னர்த் தமிழ் பேசும் காளிக்குப்பம் என்னும் சிற்றூரில், மூலக்கூற்று உயிரியலை ஆங்கிலத்திலேயே கணிப்பொறியில் இட்டு, ஆசிரியரின்றி விட்டுப் பார்த்தார். பிள்ளைகளின் மதிப்பெண் நூற்றுக்கு ஏறத்தாழ 7இலிருந்து 30 ஆயிற்று. அப்பால் ஏறவில்லை. பாடம் அறியாத ஒருவர் உடனிருந்து, "அடடா, இதை எப்படிச் செய்தாய்?" என்று வியந்து ஊக்கியபின் 51 ஆயிற்று. இயந்திரத்தின் வெற்றிக்குச் சான்றாகவே பலரும் இதனை எடுத்துக்காட்டுவர். எனக்கோ 30க்கும் 51க்கும் இடையில் நின்ற அம்மனிதரே பெரிதாகத் தோன்றுகின்றார்.

மொழியும் ஒரு தடையாகவே இருந்து வந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகையை அரசு ஏற்றது. பிள்ளை வாய்விட்டு எழுத்துக்கூட்டும் முறையிலேயே, மெய்யையடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் விளையும். முத்து அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் நிரல்மொழியைத் தமிழ்ச் சொற்களாலேயே அமைத்தார். அதில் 'பதிப்பி' என்றால் இயந்திரம் பதிப்பிக்கும். உலகத் தொழிற்கூடங்களில் இதனால் வேலை கிட்டுமோ என்று கேட்பவர்க்கு, எட்டு வயதில் எவரும் வேலைக்குப் போவதில்லை என்பதே என் விடை.

இவ்வளவும் கூறியபின் மலைக்குத் திரும்புவோம். கல்வராயன் மலையின் பழங்குடி மக்களாகிய மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோராகத் தம்மைக் கூறிக்கொள்வர். சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைப்பவர். இம்மலை நெடுங்காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் இருந்தது. ஜாகீர்தாரர்க்கு வரியும் கூலியற்ற ஊழியமும் செலுத்திய மக்கள் 1976இல்தான் அரசின் நேர் நிருவாகத்தின்கீழ் வந்தனர். ஏவியதை ஏனென்று கேளாமல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளுமே இன்று இப்பள்ளியில் அமர்ந்திருக்கின்றனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுத் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில் மீண்டும் திறக்கும்வரை, சமவெளிப் பிள்ளைகள் பலர் கைப்பேசியில் பாடங்கேட்டனர். சிக்னல் எட்டாத மலைச்சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அக்காலம் வெற்றிடமாயிற்று.

"நாளை இயந்திரம் வரும், இன்று மண்ணில் தொடங்குவோம்" என்றேன் என் மாணவரிடம். பள்ளி முற்றத்தில் ஒரு சிறுவனை ஆமையாக்கினோம். அவன் கையில் ஒரு குச்சி. நடக்குமிடமெல்லாம் மண்ணைக் கீறிக்கொண்டு வரவேண்டும். 'நட', 'திரும்பு' என்னும் இரண்டு கட்டளைகளே உண்டு. ஆமை தானாகச் சிந்திக்கக் கூடாது. சதுரம் நொடியில் வந்தது. அடுத்து முக்கோணம். மூன்று பக்கமும் சமமான காகித முக்கோணம் ஒன்றைக் கொடுத்து, அதன் மூலையளவே திருப்பும் அளவு என்றேன். ஐந்து அடி நட, ஒரு மூலையளவு திரும்பு என்று பிள்ளைகள் ஏவினர். மூன்று முறை ஆனபின்னும் கோடு சேரவில்லை. அகல விரிந்து கிடந்தது. "ஆமை சரியாத் திரும்பல!" என்று கூச்சல். ஆமையோ, தான் சொன்னபடியே செய்ததாகச் சாதித்தது.

என் மாணவர் விடைகூற வாயெடுத்தார், நான் கையமர்த்தினேன். சற்று நேரங்கழித்து நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குச்சியை வாங்கிக்கொண்டு தானே நடந்து பார்த்தாள். முனையில் நின்று, தான் வந்த திசையையும் போகவேண்டிய திசையையும் கைகளை நீட்டி அளந்தாள். "ஒரு மூலை பத்தாது சார். ரெண்டு மூலை திரும்பணும்" என்றாள். அவ்வாறே ஏவினாள்; முக்கோணம் மூடியது. கோணத்தின் உள்ளளவும் நடப்பவன் திரும்பும் அளவும் வேறு என்பதை நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அவள் காலால் அறிந்தாள்.

அதற்குள் மற்றொருவன், கைவிடப்பட்ட பழைய கோட்டை விடாமல், அதே பிழையான கட்டளையை மேலும் மூன்று முறை ஏவிக்கொண்டிருந்தான். ஆறாம் முறை கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. மலைத்தேன் எடுக்கும் வீட்டுப் பிள்ளை அவன். குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது தேனடை சார்!" என்று கத்தினான். பிள்ளைகளெல்லாம் ஓடிவந்து, அதன் பக்கத்தில் அடுத்த அறையைக் கீறுவதற்கு என்ன கட்டளை என்று வழக்காடத் தொடங்கினர். மணியடித்தும் எவரும் எழவில்லை.