உடற்பயிற்சி: கால அளவும் கடுமையும்

எவ்வளவு நேரம் பயிற்சி செய்வது, எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பவை பயிற்சியின் நோக்கத்தைப் பொறுத்தவை. சர்க்கரை நோயைத் தள்ளிப்போட நடப்பவருக்கும், ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகும் இளைஞருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது.

கடுமையை அறியக் கருவி தேவையில்லை. பேச முடிந்து, பாட முடியாமல் போனால் பயிற்சி மிதமானது. நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் கடுமையானது. நாடித்துடிப்பை நம்புவோர் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுகின்றனர். அது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவோருக்கு அந்தக் கணக்கு உதவாது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான பயிற்சி. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தாக வேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்போது கைவிடப்பட்டது.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. கோவாவில் மட்டுமே இதைவிடச் சற்று அதிகம். எனவே இங்குப் பலருக்கு முதல் நோக்கம் அந்நோயைத் தடுப்பதாகவே இருக்கும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும் உணவை மாற்றவும் அறிவுறுத்தப்பட்டனர். மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்தவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள். புதுச்சேரி–விழுப்புரம் சாலையிலுள்ள திருபுவனை போன்ற ஊர்களுக்கு இந்த விலக்கு முக்கியமானது. நாள் முழுதும் நடவு நட்டவருக்கு மாலை நடை அவசியமில்லை. அதே ஊர்த் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முழுவதும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அவசியம். கால் வலிப்பதால் மட்டும் நிற்பது பயிற்சியாகிவிடாது.

எடை குறைக்க நேரம்தான் பெரிது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. ஒரு மசால் தோசை அதைத் தாண்டிவிடும். குறிப்பிடத்தக்க எடைக் குறைப்புக்கு வாரம் 250 நிமிடத்துக்கு மேல் வேண்டும், சாப்பாட்டிலும் கை வைக்க வேண்டும்.

ராணுவ ஆள்சேர்ப்பு ஓட்டத்தில் கதை தலைகீழ். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். அதாவது 400 மீட்டர்ச் சுற்று ஒவ்வொன்றும் 82.5 விநாடிக்குள். தினமும் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடினாலும் இந்த வேகம் வராது. வாரம் இரு நாள் 400 மீட்டரை அந்த வேகத்தில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நடந்து இளைப்பாறி, மறுபடி ஓட வேண்டும்; மற்ற நாட்களில் நிதான ஓட்டம். அறிவிப்பு வந்த பிறகு தினமும் முழு வேகத்தில் ஓடத் தொடங்குபவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து, தேர்வு நாளில் நொண்ட வேண்டியிருக்கும்.

தசை பலத்துக்கு மணிக்கணக்கு வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை, வாரம் இரண்டு நாள், ஒரே தசைக்கு இடையில் இரண்டு நாள் ஓய்வு என்பது தொடக்கத்துக்குப் போதும்.

கத்திரி வெயிலில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும் என்பதால், அந்நாட்களில் வேகத்தைக் குறைப்பதோ விடியலுக்கு மாற்றுவதோ நல்லது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.