குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் உரிமை (இந்தியா)

குற்றவழக்கில் சிக்கிய ஒருவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்து பேசவும், அவர் மூலம் வழக்காடவும், வசதியில்லாதபோது அரசுச் செலவில் வழக்கறிஞரைப் பெறவும் உள்ள உரிமை. அரசியலமைப்பின் 21, 22(1), 39அ பிரிவுகளும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இதற்கு அடிப்படை. வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி என்ற அளவில் தொடங்கிய இவ்வுரிமை, வக்கீலைத் தருவது அரசின் கடமை என்ற நிலைக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

ஆங்கிலேயர் காலம்

1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 340-ஆவது பிரிவில், குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் எவரும் வக்கீல் மூலம் வாதாடலாம் என்றது. வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது என்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் மட்டும், உயர் நீதிமன்ற விதிகளின்படி, ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் அமர்த்தும் வழக்கம் இருந்தது.

கைப்பொருள் இருந்தவர்களுக்கு இவ்வுரிமை எவ்வளவு தூரம் துணைவந்தது என்பதை இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு காட்டும். 1944-இல் கைதாகி 1945-இல் ஆயுள் தண்டனை பெற்ற நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றபின் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். மேல்முறையீடு மறுவிசாரணைக்கு வந்து, 1947-இல் விடுதலையாயினர். அதே காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் கூண்டில் தனியாக நின்ற கூலிக்காரருக்கும் சட்டத்தில் இருந்தது அதே 340-ஆவது பிரிவுதான்.

அரசியலமைப்பும் ஆரம்பத் தயக்கமும்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு மூன்று பாதுகாப்புகளைத் தந்தது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 20(3) பிரிவு காத்தது. தடுப்புக் காவலுக்கு மட்டும் 22(3) விலக்களித்தது. அதனால்தான் தமிழ்நாட்டின் 1982 குண்டர் சட்டத்தில் அடைக்கப்படுபவருக்கு, ஆலோசனைக் குழுவின் முன் வழக்கறிஞர் மூலம் வாதிடும் உரிமை கிடையாது.

இலவச வழக்கறிஞர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் முதலில் கைவிரித்தது. தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தையொட்டி மரண தண்டனை பெற்றவர்களின் ஜனார்தன் ரெட்டி வழக்கில் (1951), கேட்காதவருக்கு வழக்கறிஞரை அமர்த்துவது கட்டாயமில்லை என்றது.

திருப்பம்: 1973–1986

மாற்றத்துக்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததற்காக 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1952-இல் சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். இலவசச் சட்ட உதவி குறித்து இவர் தலைமையிலான குழு 1973-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டம், 304-ஆவது பிரிவின் வழியே, அமர்வு நீதிமன்ற விசாரணையில் வசதியற்றவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞரைத் தந்தது. 42-ஆவது திருத்தம் (1976) 39அ பிரிவைச் சேர்த்தது.

பின்வந்த தீர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உரிமையை உயர்த்தின. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி போலீஸின் கேள்விப் பட்டியலுக்குப் பதில் சொல்ல மறுத்த வழக்கில் (1978), வாய்மூடியிருக்கும் உரிமை காவல் நிலைய விசாரணைக்கும் உண்டு என்று கிருஷ்ணய்யர் எழுதினார். ஹோஸ்கோட் வழக்கு (1978) மேல்முறையீட்டுக்கும் சட்ட உதவியை நீட்டியது. ஹுசைனாரா காத்தூன் வழக்கில் (1979), குற்றம் நிரூபணமானால்கூட அனுபவிக்க வேண்டியிராத அளவு காலத்தைப் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே கழித்தவர்களின் நிலை வெளிவந்தது. இலவசச் சட்ட உதவி 21-ஆவது பிரிவின் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதி பி. என். பகவதி அறிவித்தார். பாகல்பூரில் காவலில் கண் பறிக்கப்பட்டவர்களின் காத்ரி வழக்கில் (1981), பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது என்றும், இவ்வுரிமையை நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் தீர்ப்பானது. சுக்தாஸ் வழக்கு (1986), அருணாசலப் பிரதேசத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தண்டிக்கப்பட்டவரின் தண்டனையையே நீக்கியது. அவர் வழக்கறிஞர் கேட்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. உரிமை இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார் என்பதே அத்தீர்ப்பின் உயிர்.

அமைப்புகளும் நடைமுறையும்

1987-இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைப் போலவே, காவலில் இருப்பவர் எவரும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் ஆணைக்குழுக்கள் இயங்குகின்றன. உதவி எண் 15100. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட முழுநேரச் சம்பளத்தில் வழக்கறிஞர்களை நியமிக்கும் திட்டம் 2022-இல் வந்தது.

வழக்கறிஞர்கள் கூட்டாக ஒதுங்கும் வழக்கத்துக்கும் தடை வந்தது. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம், போலீஸாருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று நிறைவேற்றிய தீர்மானத்தையொட்டி எழுந்த முகம்மது ரஃபி வழக்கில் (2010), இத்தகைய தீர்மானங்கள் எங்கு நிறைவேறினாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மும்பைத் தாக்குதல் தொடர்பான கசாப் வழக்கில் (2012), முதன்முறை நடுவர் முன் நிறுத்தும்போதே இவ்வுரிமையைச் சொல்லத் தவறும் நடுவர் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றது.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவ்வுரிமையைக் கூறும் பிரிவின் எண் 340-தான். ஆனால் இப்போது அதன் பக்கத்திலேயே 341 இருக்கிறது. அமர்வு நீதிமன்றம் என்ற வரம்பு நீங்கி, எந்த நீதிமன்ற விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு என்கிறது அது. காவல் நிலைய விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் உடனிருக்க முடியாது என்பது 38-ஆவது பிரிவு.

2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். கைதுக்கும் நடுவர் முன் நிறுத்துவதற்கும் இடைப்பட்ட மணிநேரங்களிலும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019-இல் நெறிமுறை வகுத்தது. ஆனால் நடைமுறையில், வீட்டாருக்கு வக்கீலைத் தெரிந்திருந்தால்தான் அந்த முதல் இரவில் யாராவது காவல் நிலையத்துக்கு வருகிறார்கள். வாக்குமூலம் எழுதப்படுவதும் கையெழுத்து வாங்கப்படுவதும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான். எனவே, வழக்கறிஞரைக் கேட்கலாம் என்பதைக் கைதானவர் அறிந்திருப்பதும், அதை அவருக்குச் சொல்ல ஒருவர் அங்கே இருப்பதும் இவ்வுரிமையின் வரலாற்றில் இன்னும் முடியாத பகுதி.