சிரிப்புக்கு இட்ட எல்லை

பாசிசம் மக்களின் அச்சத்தை உண்டு வளர்ந்தது. அவ்வச்சத்தைத் தோற்றுவிக்கக் கலையையும் அது துணைக்கொண்டது. 1934 இல் நியூரம்பேர்க்கில் நடைபெற்ற நாசிக் கட்சி மாநாட்டை லெனி ரீபென்ஸ்டால் படமாக்கினார். 'மன உறுதியின் வெற்றி' எனப் பொருள்படும் பெயருடன் 1935 இல் வெளிவந்த அப்படத்தில் மனிதனாகத் தெரிபவன் ஹிட்லர் ஒருவனே. ஏனையோரெல்லாம் வெறும் வரிசைகள்.

போர்க்காலத்தில் பிரித்தானியத் தகவல் அமைச்சைச் சேர்ந்த சார்ல்ஸ் ரிட்லி, அப்படத்தின் காட்சிகளையே எடுத்து இரண்டு நிமிட அளவிலான சிறு படமொன்றை ஆக்கினார். புதிய நடிகர் எவரும் தேவைப்படவில்லை. காட்சித் துண்டுகளை முன்னும் பின்னுமாக ஓட்டி, 'லம்பெத் வோக்' என்னும் நடனப் பாட்டின் இசையோடு அவர் இணைத்தார். உலகை நடுங்கவைத்த படையினர் முன்னே இரண்டடி வைத்துப் பின்னே இரண்டடி துள்ளினர். ஹிட்லரின் வணக்கமும் தாளத்துக்கு ஏற்ற கையசைப்பாயிற்று.

இசைத் தேர்விலும் பொருளுண்டு. லம்பெத், தேம்ஸ் நதியின் தென்கரையில் இலண்டன் உழைப்பாளர் வாழ்ந்த பகுதி. 1937 இல் அரங்கேறிய இசை நாடகமொன்றிலிருந்து பரவிய இந்நடனம், அம்மக்களின் மிடுக்கையும் குறும்பையும் கொண்டது. சர்வாதிகாரியின் அணிவகுப்பைச் சாதாரண மக்களின் ஆட்டம் வென்றது என்றே நாம் கொள்ளலாம்.

ஆயின் இச்சிரிப்பை எத்திசையிலும் செல்ல ஆள்வோர் விட்டனரா? பழமைவாத இராணுவ மேட்டுக்குடியினரைப் பழிக்க டேவிட் லோ படைத்த கேலிச்சித்திரப் பாத்திரம் கேணல் பிளிம்ப். அப்பெயரைத் தாங்கிய படத்தை மைக்கேல் பவலும் எமெரிக் பிரெஸ்பேர்கரும் உருவாக்க முனைந்தபோது, 1942 இல் பிரதமர் சேர்ச்சில் அதனைத் தடுக்க வழி தேடினார். கதாநாயகனாக நடிக்கவிருந்த லோரன்ஸ் ஒலிவியர் படைச் சேவையிலிருந்து விடுவிக்கப்படவில்லை. தடுப்பதற்கு அதிகாரமில்லை எனத் தகவல் அமைச்சர் கூறியமையால் 1943 இல் படம் வெளிவந்தது. உண்மையில் அது அம்முதிய அதிகாரியைப் பரிவோடு நோக்கிய படம். பாசிசத்தை வெறுத்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த ஜேர்மனியன் ஒருவனையும் அது மதித்தது.

பகைவனைப் பார்த்துச் சிரிக்க எந்த அரசும் அனுமதிக்கும். சிரிப்புக்குச் செலவும் செய்யும். தன் அதிகார வர்க்கத்தைப் பார்த்து மக்கள் சிரிக்கத் தொடங்கும்போதே அதன் சனநாயகம் சோதனைக்குள்ளாகிறது. எள்ளற்கலையை மதிப்பிடும்போது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதோடு யாரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அனுமதியில்லை என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.