மணற்கடிகையிலிருந்து விளக்குக்கு: டாரட் 'துறவி' சீட்டின் பொருள் வரலாறும் காஞ்சி வட்டாரத் துறவு மரபும்

டாரட் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் தனித்தனிப் படமும் பெயரும் கொண்ட 22 பெருஞ்சீட்டுகளின் வரிசையில் ஒன்பதாவது 'துறவி'. இன்று உலகெங்கும் புழங்கும் கட்டில் அந்தச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், பனி மூடிய சிகரத்தில் சாம்பல் நிற அங்கி போர்த்திய முதியவர் தலை கவிழ்ந்து நிற்பார். வலக்கையில் உயர்த்திய லாந்தர் விளக்கு. அதற்குள் ஆறுமுனை நட்சத்திரம். இடக்கையில் நெடுங்கோல். பலன் சொல்வோர் இதற்குத் தனிமை, அகத்தேடல், உலகை விட்டு ஒதுங்குதல் என்று பொருள் உரைப்பர். இப்பொருள் பழங்காலந்தொட்டு மாறாமல் வருகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சீட்டின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கையில் ஏந்திய பொருள் மாறியபோதெல்லாம் இந்த முதியவரும் வேறு ஆளாக மாறியிருக்கிறார்.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1450ஐ ஒட்டி மிலான் நகரில் ஸ்ஃபோர்சா பிரபுக் குடும்பத்துக்காகக் கையால் தீட்டிய சீட்டுக்கட்டு. அதில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. பொன் தகடு ஒட்டிய பின்புலத்தில் வெண்தாடி முதியவர் நிற்கிறார். கோல் இருக்கிறது, விளக்கு இல்லை. விளக்கு இருக்கவேண்டிய கையில் மணற்கடிகை. சீட்டில் பெயரோ எண்ணோ எழுதப்படவில்லை என்றாலும், அக்கால இத்தாலியருக்கு இவர் யார் என்பதில் ஐயமிருக்காது. இவர் காலம். பெட்ரார்க் பாடிய வெற்றி ஊர்வலங்களில் காதல், கற்பு, மரணம், புகழ் ஆகியவற்றுக்குப் பின் வரும் காலத்தை, 15ஆம் நூற்றாண்டின் ஓவியர்கள் ஊன்றுகோலும் மணற்கடிகையும் கொண்ட கிழவராகவே வரைந்தனர். நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றிய கெர்ட்ரூட் மோக்லி 1966இல் வெளியிட்ட நூலில் பெருஞ்சீட்டுகள் முழுவதையும் இந்த ஊர்வல மரபோடு இணைத்துக் காட்டினார். எல்லாச் சீட்டுக்கும் அவர் விளக்கம் பொருந்துகிறது என்று சொல்வதற்கில்லை. இந்தச் சீட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. சீட்டாட்டத்தைக் கண்டித்து 1500ஐ ஒட்டி எழுதப்பட்ட லத்தீன் பிரசங்கம் ஒன்று பெருஞ்சீட்டுகளைப் பட்டியலிடுகிறது. அங்கே இவர் பெயர் வெறும் 'கூனன்'. புளோரன்சு நகரின் மின்கியாட்டே என்ற சீட்டுக்கட்டில் அவர் ஊன்றுகோல்களில் தொங்கியபடி நடக்கும் கிழவர். இவற்றில் எதிலும் ஞானம் என்ற பொருளுக்குத் தடயமில்லை. மூப்பு வரும், நாள் முடியும் என்ற எச்சரிக்கை மட்டுமே உண்டு.

விளக்கு எப்போது வந்தது? 1650ஐ ஒட்டிப் பாரிசில் மரக்கட்டை அச்சில் வெளிவந்த ழான் நோப்ளேயின் கட்டில் அது இருக்கிறது. பின்னர் மார்சேய் பாணி என்று பெயர்பெற்ற கட்டுகள் எல்லாவற்றிலும் தொடர்கிறது. மணற்கடிகையும் லாந்தரும் கையளவு உருவங்கள். மேலும் கீழும் மூடி, நடுவே கண்ணாடி. அச்சுக்கட்டை செதுக்கியவர்கள் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டும்போது ஒன்று மற்றொன்றாகத் திரிந்திருக்கக்கூடும் என்பது என் துணிபு. காலக் கிழவர் அப்படித்தான் மடத்துறவி ஆகியிருப்பார். தத்துவம் இதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அந்தத் தத்துவம் வந்த வழி வியப்புக்குரியது. 1781இல் கூர் த ழெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர், டாரட் எகிப்தியப் பூசாரிகள் ஒளித்துவைத்த ஞானநூல் என்று எழுதினார். சாம்பொல்லியன் எகிப்திய எழுத்தைப் படித்தது 1822இல்; அதற்கு 41 ஆண்டுகள் முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிட்டது. விளக்கேந்திய முதியவரை அவர் உண்மையையும் நீதியையும் தேடும் ஞானி என்றார். பட்டப்பகலில் விளக்கோடு மனிதனைத் தேடிய கிரேக்க டயோஜெனசை நினைவூட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் சீட்டுப் பலனைத் தொழிலாக நடத்திய எத்தேயா தாம் அச்சிட்ட கட்டில் இதே உருவத்தை 18ஆம் சீட்டாக வைத்து, 'துரோகி' என்று பொருள் எழுதினார். ஒரே பத்தாண்டில் ஒரே படம் ஒருவருக்கு ஞானி, இன்னொருவருக்குத் துரோகி. பொருள் படத்துக்குள் உறைந்திருக்கிறது என்று நம்புவோர் இந்த ஒரு செய்தியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் எலிஃபாஸ் லெவி 22 சீட்டுகளையும் எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். விளக்கு, போர்வை, கோல் மூன்றையும் தீட்சை பெற்றவனின் அடையாளங்களாக்கினார். லண்டனில் 1888இல் தொடங்கிய 'பொன் விடியல்' என்ற மறைஞானச் சங்கம் அதை விரித்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்த கட்டு 1909 டிசம்பரில் வெளிவந்தது. மார்சேய்ச் சீட்டில் வெறுந்தரையில் நடந்துகொண்டிருந்த துறவியைப் பமேலாதான் பனிச்சிகரத்தில் ஏற்றினார். வெயிட் இதைத் தேடலின் சீட்டு என்று ஏற்கவில்லை. அடைந்தவரின் சீட்டு, மேலே நின்று பிறருக்கு வெளிச்சம் காட்டுபவரின் சீட்டு என்றே எழுதினார். பிற்காலப் பலன் நூல்கள் அவர் படத்தை எடுத்துக்கொண்டு அவர் சொன்னதை விட்டுவிட்டன. சிகரம் தனிமையின் சின்னமாக நிலைத்துவிட்டது. டாரட் முதல் மூன்று நூற்றாண்டுகள் ஆட்டச் சீட்டாக மட்டுமே இருந்தது என்பதை மைக்கேல் டம்மெட் 1980இல் விரிவாக நிறுவினார். ஆயினும் எகிப்துக் கதை ஓயவில்லை.

தமிழகத்துக்கு டாரட் ஆட்டமாக வரவில்லை. பாலாற்றங்கரையில், ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபாத்தில் 18ஆம் நூற்றாண்டில் முகாமிட்ட ஆங்கிலப் படையினரின் நாட்டில் டாரட் ஆடும் வழக்கம் வேரூன்றியதில்லை. இங்கே அது மறைஞான நூல்களின் வழியே வந்தது. 1882இல் பிரம்மஞான சபை அடையாற்றுக்குத் தன் தலைமையகத்தை மாற்றியது. டாரட் குறியீடுகள் பற்றி 1913இல் நூல் வெளியிட்ட ரஷ்யரான உஸ்பென்ஸ்கி, இந்தியப் பயணத்தில் அடையாற்றில் தங்கினார். இதைவிட நெருக்கமான தொடர்பு திருவண்ணாமலையில் இருக்கிறது. போலந்தில் பிறந்து 'மௌனி சாது' என்ற பெயரில் எழுதியவர் 1949இல் ரமணாசிரமத்தில் தங்கினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த அவர், 1962இல் டாரட் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவர் தேடிவந்த ரமணர் 1922 வரை மலைக்குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்து, அதன்பின் கீழே இறங்கி, கடைசி வரை யாரும் வந்து உட்காரக்கூடிய கூடத்தில் இருந்தவர். துறவி மலையிலிருந்து இறங்கிவந்த இந்தச் செய்தியைச் சீட்டின் பனிச்சிகரத்துக்கு அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

காஞ்சி வட்டாரத்தில் துறவியை அடையாளம் காட்டுவதும் கைப்பொருள்தான். மணிமேகலை காஞ்சிக்கு வந்தபோது கையில் இருந்தது அமுதசுரபி. பஞ்சத்தில் வாடிய ஊருக்கு அதிலிருந்து சோறு போட்ட பிறகே அவள் அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் துறவு பூண்டாள். 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்த பிக்குவோடு சண்டையிடுகிறான். கபாலம் போனால் அவன் காபாலிகனே இல்லை. நாடகம் முழுவதும் அந்தப் பதைப்பில் ஓடுகிறது.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகளைக் கடந்து போனால் வருவது ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். பிறப்பு 1017 என்பது மரபுக் கணக்கு. வரதராசர் கோயில் அனந்தசரசுக் கரையில் துறவு ஏற்ற அவர் கைக்கொண்டது முக்கோல். திருக்கோட்டியூரில் இரகசியமாகக் கற்ற மந்திரப் பொருளைக் கூட்டத்துக்கு உரக்கச் சொன்னார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அதே காஞ்சியின் சங்கர மடத்தில் ஒற்றைக்கோல் மரபு. 1907இல் துறவு ஏற்ற சந்திரசேகரேந்திர சரஸ்வதி அந்தக் கோலோடு நாடு முழுக்க நடந்தார்.

முக்கோல் மரபின் பழைய சித்திரம் கலித்தொகையின் பாலைக்கலியில், ஒன்பதாம் பாடலில் இருக்கிறது. சீட்டின் எண்ணும் ஒன்பது என்பது தற்செயல். அதில் எதையும் தேட வேண்டியதில்லை. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி வெயிலில் வரும் செவிலி, எதிரே குடையும் உறியில் கரகமும் முக்கோலும் தாங்கி வரும் அந்தணரை நிறுத்திக் கேட்கிறாள்: இவ்வழியே இருவர் போகக் கண்டீரா? அவர்கள் கண்டோம் என்கிறார்கள். பிறகு, சந்தனம் பிறந்த மலைக்குப் பயன்படுவதில்லை, முத்து பிறந்த கடலுக்குப் பயன்படுவதில்லை, யாழில் பிறந்த இசை யாழுக்கு உதவுவதில்லை, உன் மகளும் அப்படித்தான் என்று ஆற்றுகிறார்கள். வருங்காலம் பற்றி அவர்கள் எதுவும் கணித்துச் சொல்லவில்லை. நடந்துவிட்டதற்குப் பொருள் சொல்கிறார்கள். குறி கேட்க வருபவருக்கு உண்மையில் வேண்டியதும் பெரும்பாலும் இதுதான். கூண்டுக்குள்ளிருந்து கிளி நடந்துவந்து அலகால் இழுத்துப்போடும் சீட்டை உறையிலிருந்து பிரித்து, அதிலுள்ள முருகனையோ மாதாவையோ காட்டி ஜோசியர் பேசத் தொடங்கும்போது, எதிரில் இருப்பவர் எதிர்பார்ப்பது தன் துயரத்துக்கு ஓர் ஒழுங்கான சொல்லை.

ஆகவே ஒன்பதாம் சீட்டுக்குத் தனிமை என்று மட்டும் பலன் சொல்வது, 1909இல் வரைந்த ஒரு சிகரத்துக்குக் கட்டுப்படுவது. தமிழில் டாரட் பற்றி எழுதுவோரும் பலன் சொல்வோரும் எகிப்துக் கதையைக் கைவிட்டு, இந்த முதியவர் மணற்கடிகை ஏந்திய காலமாகப் பிறந்தவர் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும். சீட்டை விளக்கும்போது, வழியில் நின்று செவிலிக்குப் பதில் சொன்ன முக்கோல் அந்தணரையும் எடுத்துக்காட்ட வேண்டும். அந்தப் பாலைக்கலிப் பாடலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுச் சீட்டைப் பாருங்கள்.