நீலகிரியில் ஆங்கில முகமன் முறை

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் குடியேறிய ஆங்கிலேயர் வழியாகப் பரவிய வணக்கச் சொற்கள், கைகுலுக்கல், அறிமுக ஒழுங்குகள் ஆகியவற்றை ஆங்கில முகமன் முறை என்பது குறிக்கும். கோயமுத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதில் இதன் வரலாறு தொடங்குகிறது.

அதற்கு முன்பே மலையில் செம்மையான வணக்க முறைகள் இருந்தன. மலைவாழ் மக்களான தொதவரில் பெண்கள் மூத்தவர் முன் மண்டியிட்டுத் தலை தாழ்த்துவர்; மூத்தவர் தம் பாதத்தை உயர்த்தி அவர்கள் நெற்றியில் வைப்பார். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தொதவர் பற்றிய நூலில் இது விரிவாகப் பதிவாகியுள்ளது. மற்றொரு மலைவாழ் மக்களான படகரில் இளையவர் தலை குனிய, பெரியவர் அதன்மேல் கைவைத்து வாழ்த்துவார். இரண்டிலும் பெரிதாகக் கருதப்பட்டது வயது. ஆங்கிலேயர் கொண்டுவந்த முறையிலோ பதவியே முதலில் நின்றது.

கோடைக்காலத்தில் சென்னை மாகாண அரசு உதகைக்கு இடம்பெயரத் தொடங்கியதும் இந்த முறை இறுகியது. இங்கிலாந்து வழக்கத்துக்கு மாறாக, இந்தியாவில் ஊருக்குப் புதிதாக வந்தவரே முதலில் வீடுவீடாகப் போய்த் தம் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுக்க வேண்டியிருந்தது. பங்களா வாசலில் ஒரு சிறு பெட்டி தொங்கும். அதில் துரைசானியின் பெயரும் ‘நாட் அட் ஹோம்’ என்ற சொற்களும் எழுதப்பட்டிருக்கும். அவர் உள்ளேயே இருந்தாலும், வந்தவர் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புவார். அதுவே முறையான சந்திப்பாகக் கொள்ளப்பட்டது. ஆளுநர் மாளிகையில் அட்டைக்குப் பதில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. இவற்றைச் செய்யாதவருக்கு விருந்துக்கோ நடனத்துக்கோ அழைப்பு வராது. 1841இல் தோன்றிய உதகை கிளப்பில் நுழையவும் அறிந்தவர் ஒருவர் முன்மொழிய வேண்டியிருந்தது.

நேருக்கு நேர் அறிமுகத்திலும் வரிசை உண்டு. ஆணைப் பெண்ணுக்கும், இளையவரை மூத்தவருக்கும், கீழ்ப்பதவியாளரை மேற்பதவியாளருக்கும் அறிமுகம் செய்வர். கையை முதலில் நீட்டுவது பெண்ணின் உரிமை. ‘ஹவ் டு யூ டூ’ என்றால் அதையே திருப்பிச் சொல்வதுதான் மறுமொழி. நலம் விசாரிக்கிறார்கள் என்றெண்ணி உடம்புக் குறைகளைச் சொல்லத் தொடங்குவது பிழை.

தேயிலைத் தோட்டங்களில் இந்த மரியாதை ஒருவழிப் பாதையாக இருந்தது. பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில் தொழிலாளர் தலைத்துண்டை எடுத்துவிட்டுத் தோட்ட மேலாளரான பெரிய துரைக்கு ‘சலாம் தொரை’ என்பர். பதிலுக்கு ஒரு தலையசைப்பு கிடைத்தால் உண்டு. கைகுலுக்கல் அவர்களை எட்டவே இல்லை. துரைமார் தங்களுக்குள் காட்டிய நாகரிகத்தை இம்மலையின் பொதுநாகரிகமாக எழுதுவது தவறு.

லவ்டேல் லாரன்ஸ் பள்ளி (1858) போன்ற ஆங்கிலப் பள்ளிகள் அறிமுக ஒழுங்கை அடுத்த தலைமுறைகளுக்குக் கொண்டுசென்றன. இன்று ‘குட் மார்னிங் சார்’ எங்கும் கேட்கிறது. பங்களா வாசல்களில் தொங்கிய பெயரட்டைப் பெட்டிகள் மறைந்துவிட்டன.

பங்களா வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் ஏராளம். பெரட்டுக் களத்து வணக்கம் பெரும்பாலும் முதிய தொழிலாளர் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அது கேட்டு எழுதப்பட வேண்டும்.