ரொட்டியோடு போன மணிச்சத்து

பெர்லின் நகரைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலத்தில் மணற்பாங்கான நிலமே அதிகம். ரை என்ற தானியம் அங்கே நன்றாக விளையும். ஒரு டன் ரை வண்டியேறும்போது சுமார் 3 கிலோ பாஸ்பரஸும் வயலைவிட்டுப் போகிறது. நம் விவசாயிகள் மணிச்சத்து என்கிறார்களே, அதுதான். இயற்கை விவசாயிக்குத் தழைச்சத்துக் கவலை அவ்வளவு இல்லை, குளோவர் போன்ற செடிகள் காற்றிலிருந்து பிடித்துத் தந்துவிடும். மணிச்சத்து காற்றில் கிடையாது. சூப்பர் பாஸ்பேட் போட அவருக்கு அனுமதியில்லை. பாறை பாஸ்பேட்டை அரைத்துப் போடலாம். சுண்ணாம்பு மண்ணில் அது எளிதில் கரையாது. ஆகவே போனதே திரும்பி வரவேண்டும்.

நகருக்குள் வந்த பாஸ்பரஸ் இரண்டாகப் பிரிகிறது. மிஞ்சிய ரொட்டியும் காய்கறித் தோலும் பழுப்புநிறத் தொட்டி வழியாக ரூலேபன் எரிவாயு ஆலைக்குப் போகின்றன. 2013 முதல் இயங்கும் அந்த ஆலையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் குப்பை வண்டிகள் ஓடுகின்றன. பாஸ்பரஸ் வாயுவாகப் போவதில்லை. அத்தனையும் ஆலையில் மிஞ்சும் ஸ்லரி என்ற கூழில் தங்கி வயலுக்கு எருவாகிறது. ஆனால் வீட்டுக் கழிவின் எரு இயற்கைப் பண்ணைக்குப் போக ஐரோப்பிய விதி கறாரானது: உலர்ந்த எரு கிலோவுக்குக் காட்மியம் 0.7 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தோலை பிளாஸ்டிக் பையில் கட்டித் தொட்டியில் எறிபவர், இந்த எருவையே கெடுக்கிறார். என் பார்வையில், மண்ணுக்கு இழைக்கும் துரோகம் அது.

உண்ட பங்கின் பாதை நீளமானது. பெரியவர்களின் உடல், உண்ட பாஸ்பரஸில் ஏறக்குறைய அவ்வளவையும் வெளியேற்றிவிடுகிறது. அது சாக்கடை வழியே வாஸ்மன்ஸ்டார்ஃப் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. சாக்கடைக் கசடை இயற்கைப் பண்ணையில் போடத் தடை உண்டு. ஆலைக் கழிவும் மருந்து எச்சமும் கலந்திருப்பதால் அந்தத் தடை நியாயமே. ஆகவே கசடிலிருந்து பாஸ்பரஸை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு வழி காட்டியது ஒரு தொல்லைதான்: இந்த நிலையத்தின் குழாய்களை முன்பு ஸ்ட்ரூவைட் என்ற படிகம் அடைத்துக்கொண்டிருந்தது. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு அது. இப்போது கசடுக்குள் காற்றை ஊதிக் காரத்தன்மையை ஏற்றி, மக்னீசியம் குளோரைடு சேர்த்து, அதே படிகத்தை வேண்டுமென்றே விளைவித்து உரமாக விற்கிறார்கள். தண்ணீரில் அது லேசில் கரையாது; வேர் சுரக்கும் அமிலம் பட்டால் கரையும். மழையில் அடித்துக்கொண்டு போகாமலிருக்க இது நல்ல குணம். இயற்கை வேளாண்மையில் இதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அனுமதித்தது.

இப்படிப் படிகமாக மீள்வது சிறு பங்குதான். பெரும்பகுதி இன்னும் கசடோடு போகிறது. 2029 முதல் பெரிய நிலையங்களின் கசடிலிருந்தோ அதை எரித்த சாம்பலிலிருந்தோ பாஸ்பரஸை மீட்டே ஆகவேண்டும் என்று ஜெர்மனி சட்டம் போட்டிருக்கிறது.